பதினாறு அணாவை நூறாக்கியவர்

ஜவஹர்லால் நேரு என்றதும் சட்டையில் செருகிய ரோஜாவும் குழந்தைகள் தினமும்தான் நம் நினைவுக்கு வரும். எனக்கு அவர் வாழ்க்கையில் அதிகம் பிடித்த பகுதி எடைக்கல்லும் சில்லறைக் காசும் சம்பந்தப்பட்டது.

1889 நவம்பர் 14-ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தை மோதிலால் பேர்பெற்ற வழக்கறிஞர். மகன் கேம்பிரிட்ஜில் முதலில் படித்தது சட்டம் அல்ல, இயற்கை அறிவியல். சட்டம் பிறகுதான். பின்னாளில் அவர் எடுத்த சில முடிவுகளுக்கு வேர் அந்த அறிவியல் படிப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். விடுதலைப் போராட்டத்தில் மொத்தம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1937-லும் 1946-லும் நம் மலாயாவுக்கும் வந்திருக்கிறார்.

1947-இல் அவர் பிரதமரானபோது இந்தியாவில் ஒரு மணங்கு என்பது ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் 25 ராத்தல், அதாவது பதினோரு கிலோ சொச்சம். வங்காளத்திலோ 37 கிலோவுக்கும் மேல். கணக்கு தெரியாத விவசாயி யாரிடம் ஏமாறுவான் என்று சொல்லத் தேவையில்லை. பணமும் அப்படித்தான்: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. வட்டிக் கணக்குப் போட்ட மாணவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது!

ஆங்கிலேயர் ஆட்சியில் 1870 வாக்கிலேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் எழுதினார்கள். அது ஏட்டோடு நின்றது. நேரு தள்ளிப்போட விரும்பவில்லை. தொழிற்சாலைகள் பெருகிய பிறகு மாற்றினால் ஒவ்வோர் இயந்திரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், செலவு பல மடங்காகும் என்பதே காரணம். 1955-இல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. எடை, அளவுக்கான சட்டம் 1956-இல் வந்தது. 1958 அக்டோபர் முதல் வட்டாரம் வட்டாரமாக, தொழில் தொழிலாக நடைமுறைக்கு வந்தது.

சிக்கல் இல்லாமல் இல்லை. ஓர் அணா என்பது ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசா யாருக்குப் போகும்? அரசு ஓர் அட்டவணை போட்டது: ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25. அன்றாடங்காய்ச்சிக்கு இது சின்ன விஷயம் இல்லை. தெருவில் காய்கறி விற்பவரும் புது எடைக்கல் வாங்கியாக வேண்டும். அதனால்தான் பழைய காசும் புதுக் காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்க விட்டார்கள். மாற்றம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் செலவு ஏழையின் தலையில் விழக்கூடாது. இந்த அவகாசம் அந்தப் பாரத்தை ஓரளவாவது குறைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டிலிருந்து பேராக் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், இந்தியா மாறுவதற்கு வெகுகாலம் முன்பே நூறு காசுக்கு ஒரு வெள்ளி என்று எண்ணப் பழகிவிட்டார்கள். பணத்தில் முந்திக்கொண்ட நாம் எடையில் பிந்திவிட்டோம். ரப்பர் ராத்தலிலும் ஈயம் பிக்குலிலும் நிறுக்கப்பட்டன. மலேசியாவின் எடை, அளவுச் சட்டம் 1972-இல்தான் வந்தது. பவுண்டையும் ஷில்லிங்கையும் நமக்குக் கற்றுக்கொடுத்த பிரிட்டனே தன் பணத்தை 1971-இல்தான் நூறாகப் பிரித்தது. அங்கே சாலைகளில் இன்றும் மைல்தான்.

ஈப்போ சந்தையில் இன்று மீனுக்குக் கிலோதான். நகைக்கடையில் பவுன். வீடு சதுர அடியில். என் பாட்டிக்கு நிலம் ஏக்கரில்தான் புரியும். வழி சொன்னால் மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்பார். அந்தக் கட்டை மைல்கல் என்பதே என் தம்பிக்குத் தெரியாது. சட்டம் அளவை மாற்றிவிடும், பேச்சு மாற இரண்டு தலைமுறை ஆகும் போலிருக்கிறது.

இந்தியாவில் அவ்வளவு காலம் ஆகவில்லை. நயா என்றால் புதிய என்று பொருள். பழைய பைசாவோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் சேர்த்த சொல் அது. நேரு 1964 மே 27-ஆம் நாள் காலமானார். ஐந்தாம் நாள், ஜூன் 1 முதல், அந்தச் சொல் தேவையில்லை என்று நீக்கப்பட்டது. அதற்குள் வெறும் பைசா என்றாலே நூறில் ஒன்று என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது.