காவிரிக் கரையில் பிறந்த சர் சி.வி. ராமன்

சம்பா அறுவடை முடிந்தபின் டெல்டாவில் சில வயல்களில் வைக்கோலையும் தாளையும் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை எந்த உயரத்தில் எவ்வளவு தங்கி நிற்கிறது என்று தரையில் இருந்தபடியே அளக்கும் கருவி இன்று உலகில் உண்டு. அதன் பெயர் ராமன் லைடார். அந்தப் பெயருக்கு உரியவர் நம் காவிரிக் கரையில் பிறந்தவர்.

சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவானைக்காவலில் பிறந்தார். முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் நிலம் வைத்து விவசாயம் பார்த்தவர்கள். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1907-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டு கல்கத்தாவில் அரசின் நிதித்துறை அதிகாரியானார்.

கை நிறையச் சம்பளம் வந்தும் அவர் மனம் ஆய்விலேயே இருந்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் உழைத்தார். 1917-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார். அந்த ஆய்வு தொடர்ந்தது. சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருவதை, மாணவர் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928-ல் கண்டறிந்தார். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் மறைந்தார்.

அந்தச் சிறு பங்குதான் இன்று வானத்தை அளக்கிறது. லேசர் ஒளியைத் துடிப்புகளாக மேலே அனுப்புகிறார்கள். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்து உயரம் தெரியும். ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் என்றால் ஒன்றரை கிலோமீட்டர். ஆனால் காற்றும் தூசியும் திருப்பி அனுப்பும் ஒளி ஒரே நிறமாகக் கலந்து வந்தால் பிரித்தறிவது கடினம். காற்றிலுள்ள நைட்ரஜனோ பச்சை ஒளியில் ஒரு துளியைச் செம்மஞ்சளாக்கி அனுப்புகிறது. எந்த உயரத்தில் எவ்வளவு நைட்ரஜன் என்பது முன்பே கணக்கிடக்கூடியது. ஆகவே அந்தச் செம்மஞ்சள் ஒளி எவ்வளவு மங்கி வருகிறதோ, அதைக் கொண்டு வழியில் இருக்கும் புகை, தூசியின் அளவு தெரிகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியைச் சோதித்துப் பார்த்து எழுதியவர் பஸராவில் பிறந்த நம் இப்னுல் ஹைதம். இந்திய எண்களையும் கிரேக்க நூல்களையும் தயங்காமல் வாங்கிக் கற்றது அன்றைய பக்தாத். பயனுள்ள கல்வி எவரிடம் இருந்தாலும் எடுத்துக்கொள்வது நம் மரபு. இன்றோ, சம்பளம் எவ்வளவு என்று கேட்டுத்தான் பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்கிறோம். வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திக்கச் சொல்லும் வேதத்தை ஓதும் நம் வீடுகளில், வானம் ஏன் நீலம் என்று கேட்கும் பிள்ளையை அடக்காதிருப்போம். அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக!