மேடையில் பேசிய குற்றம்

ஜான் ஸ்டீன்பெக்கின் நாவலைத் தழுவி ஜான் ஃபோர்ட் 1940-இல் இயக்கிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். நிலத்தை இழந்து, பழைய லாரியொன்றில் கலிஃபோர்னியாவுக்குப் புறப்படும் குடும்பத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். ஊர்போய்ச் சேருமுன் வழியிலேயே இறந்துபோகும் அந்த மூதாட்டியாக நடித்தவர் ஜெஃபி டில்பரி. யார் இவர் என்று தேடியபோது, அவருடைய தாயின் வரலாற்றில் வந்து நின்றேன். தாயின் பெயர் லிடியா தாம்சன். 'பர்லெஸ்க்' என்னும் மேடை வடிவத்தை அமெரிக்காவில் வேரூன்றச் செய்த ஆங்கிலேய நடிகை.

பர்லெஸ்க் என்றால் ஆடை களையும் ஆட்டம் என்றே நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இன்று பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், கேலி என்று பொருள்படும் 'புர்லா' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. எல்லோரும் அறிந்த ஒரு புராணத்தையோ நாடகத்தையோ இசை நாடகத்தையோ எடுத்துக்கொண்டு, எதுகையும் சிலேடையும் ததும்பும் வசனங்களாலும், பழகிய மெட்டுகளுக்குப் புதிதாக எழுதிய பாடல்களாலும் அதைத் தலைகீழாக்கிச் சிரிக்க வைப்பதே பர்லெஸ்க். கேலி நாடகம் எப்படி உடல் காட்டும் ஆட்டமானது என்ற கேள்விக்கு விடை லிடியாவின் வாழ்க்கையில் இருக்கிறது.

1838 பிப்ரவரியில் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் பிறந்தார் லிடியா. நாடக அரங்குகள் நிறைந்த பகுதி அது. தந்தை மதுவிடுதி நடத்தியவர். மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துபோனார். 14-ஆவது வயதில், 1852-இல், ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கின் பாலே நடனக் குழுவில் பலரில் ஒருத்தியாகச் சேர்ந்தார் லிடியா. அடுத்த ஆண்டே ஹேமார்க்கெட் அரங்கில் தனி வேடம் கிடைத்தது. அந்நாளில் லண்டனைக் கவர்ந்திருந்த ஸ்பானிய நடன மங்கை ஒருவரைப் போலவே ஆடிக் கேலி செய்தபோதுதான் ரசிகர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். நடனத் திறமையோடு கேலித் திறமையும் அவரிடம் தொடக்கத்திலேயே சேர்ந்திருந்தது.

1856 முதல் மூன்றாண்டுகள் ரஷியா, ஜெர்மனி, டென்மார்க் எனப் பல நாடுகளில் ஆடிவிட்டு லிடியா லண்டன் திரும்பினார். ஜான் டில்பரி என்ற குதிரையேற்றப் பயிற்சியாளரை மணந்தார். 1863-இல் ஜெஃபி பிறந்தாள். மறு ஆண்டே, தடை தாண்டும் குதிரைப் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் கணவர் இறந்தார். 26 வயதில் கைக்குழந்தையுடன் கைம்பெண்ணான லிடியாவுக்கு மேடையே பிழைப்பாயிற்று. பர்க்கன்ஹெட்டிலும் லிவர்பூலிலும் அரங்குகளை நடத்திவந்த அலெக்சாண்டர் ஹெண்டர்சன் அவருடைய நாடகங்களின் நிர்வாகியானார். பின்னர் வாழ்க்கைத் துணையுமானார்.

அன்றைய ஆங்கில நாடக உலகின் விதிகளையும் இங்கே சொல்ல வேண்டும். 1843 வரை லண்டனில் அரச உரிமம் பெற்ற சில அரங்குகள் மட்டுமே வசன நாடகங்களை நடத்தலாம். மற்றவை பாட்டும் இசையும் கலந்த சிறு நாடகங்களோடு நிற்க வேண்டும். அந்தத் தடையின் நிழலில்தான் பர்லெஸ்க் வளர்ந்தது. 1831-இல் ஒலிம்பிக் அரங்கைத் தம் பொறுப்பில் ஏற்ற மேடம் வெஸ்ட்ரிஸ், பிளாஞ்சே என்ற நாடகாசிரியரின் துணையோடு கிரேக்கப் புராணக் கேலிகளை அங்கு அரங்கேற்றினார். பெண் நடத்தும் அரங்கு, ஆண் வேடமேற்கும் பெண், தெய்வங்களைக் கேலி செய்யும் பாட்டு ஆகிய மூன்றையும் வெஸ்ட்ரிஸ் வழி வந்த பரம்பரைச் சொத்தாகவே லிடியா பெற்றார் எனலாம்.

1868 ஆகஸ்டில் லிடியா தம் குழுவோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாலின் மார்க்கம், லிசா வெபர், அடா ஹார்லண்ட் ஆகிய நடிகைகளும், ஹாரி பெக்கெட் என்ற நகைச்சுவை நடிகரும் உடன் சென்றார்கள். செப்டம்பர் 28-ஆம் தேதி, நியூயார்க்கின் பிராட்வேயில் இருந்த உட்ஸ் மியூசியம் அரங்கில் 'இக்ஸியன்' திரை விலகியது. பிற்காலத்தில் 'பஞ்ச்' இதழின் ஆசிரியரான பர்னாண்ட் எழுதிய நாடகம் அது. தேவலோகத்துக்கு விருந்தாளியாகச் சென்று தேவர்களின் தலைவனுடைய மனைவியையே நாடியதால் எரியும் சக்கரத்தில் பிணைக்கப்பட்ட கிரேக்க மன்னனின் கதை. மன்னன் இக்ஸியனாக லிடியாவே நடித்தார். மார்க்கம் காதல் தெய்வம் வீனஸ். ஞானத் தெய்வம் மினர்வாவாகவோ ஆண் மகனான பெக்கெட் வந்து நின்றார்.

நியூயார்க் மயங்கியது. இங்கிலாந்தில் நாடகப் பிரதியை முன்கூட்டியே அரச அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அமெரிக்காவில் அந்தத் தடை இல்லை. எனவே ஊர் அரசியலும், நாளிதழ்ச் செய்திகளும், புதிய நாகரிகப் பகட்டுகளும் வசனத்தில் புகுந்தன. முதல் பருவத்தில் மட்டும் 3,70,000 டாலருக்கு மேல் வசூலானதாகக் கூறப்படுகிறது. குழுவினரின் பொன்னிறக் கூந்தலால் 'பிரிட்டிஷ் பிளாண்ட்ஸ்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

மேடையில் பெண்களின் கால்கள் தெரிவது அந்நகருக்குப் புதிதன்று. இரண்டாண்டுகளுக்கு முன், 1866-இல், நிப்லோஸ் கார்டன் அரங்கில் தொடங்கிய 'தி பிளாக் குரூக்' என்ற பிரம்மாண்ட நாடகத்தில், பாலே மங்கையர் இறுக்கமான காலுறைகளில் கூட்டமாக ஆடினார்கள். மத போதகர்கள் கண்டித்தார்கள். ஆனாலும் அது 474 காட்சிகள் நடந்தது. அந்த நடன மங்கையர் பேசவில்லை. காட்சிப்பொருளாக வந்து ஆடிப்போனார்கள். லிடியாவின் குழுவினர் பேசினார்கள். ஆண் உடையில் நின்று, பார்ப்பவரின் கண்ணை நேராகப் பார்த்து, ஆண்களின் நடையையும் மிடுக்கையும் கேலி செய்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் வலுக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

முதலில் வரவேற்ற பத்திரிகைகள், 1869 பிப்ரவரியில் குழு நிப்லோஸ் கார்டனுக்கு இடம்பெயர்ந்ததும் முகம் சுளித்தன. சிறிய அரங்கில் பொழுதுபோக்காக இருந்தது, நகரின் மதிப்புமிக்க அரங்குக்குள் நுழைந்ததும் நோய்க்கிருமியாகத் தோன்றியது. புகழ்பெற்ற எழுத்தாளர் வில்லியம் டீன் ஹோவல்ஸ், 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் எழுதிய கட்டுரையில், ஆணாக உடுத்தும் ஆணாகாமல், பெண்ணாகவும் தோன்றாமல், இரண்டையும் பகடி செய்கிற ஏதோ அயலான பாலினம்போல அவர்கள் இருப்பதாக வருந்தினார். அவருடைய கலக்கத்தின் வேர் உடலில் இல்லை, எல்லை மீறலில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பு ஆண்களிடமிருந்து மட்டும் வரவில்லை. நடிகையாக இருந்து எழுத்தாளராகவும் பெண்ணுரிமைப் பேச்சாளராகவும் மாறிய ஆலிவ் லோகன், 1869-இல் பெண்ணுரிமை மேடையிலேயே இந்தப் போக்கைச் சாடினார். பயிற்சி பெற்ற நடிகைக்கு இனி வேலையில்லை, காலழகு உள்ளவளுக்கே வேலை என்பது அவர் கவலை. அதில் நியாயம் இல்லாமலில்லை. பின்னர் நடந்ததைப் பார்க்கும்போது அவருடைய அச்சத்தைத் தவறென்று ஒதுக்கவும் முடியவில்லை. லிடியாவின் கையில் கேலியாக இருந்தது, வணிகரின் கையில் என்னவாகும் என்பதை அவர் முன்பே ஊகித்திருந்தார்.

இனி வருவது, பத்திரிகைப் பக்கத்தில் எழுதும் எனக்குச் சங்கடமான பகுதி. 1870 பிப்ரவரியில் குழு சிகாகோவில் நடித்துக்கொண்டிருந்தது. 'சிகாகோ டைம்ஸ்' நாளிதழின் ஆசிரியர் வில்பர் ஸ்டோரி நடிப்பை விட்டுவிட்டு நடிகைகளின் ஒழுக்கத்தைக் குறிவைத்து நாள்தோறும் எழுதினார். 24-ஆம் தேதி, வாபாஷ் அவென்யூவில் அவருடைய வீட்டருகே லிடியா, மார்க்கம், ஹெண்டர்சன் ஆகியோர் அவரை வழிமறித்தார்கள். லிடியா குதிரைச் சாட்டையால் அவரை அடித்தார். கைதும் வழக்கும் அபராதமும் தொடர்ந்தன. செய்தி நாடெங்கும் பரவியது; நாடகத்துக்குக் கூட்டமும் பெருகியது.

பேனாவுக்குச் சாட்டை பதிலாக முடியாது. அதில் எனக்கு ஐயமில்லை. எழுத்துக்காக ஓர் ஆசிரியர் தெருவில் அடிபடுவதை எந்தக் காலத்திலும் கொண்டாட இயலாது. ஆனால், அந்த ஆசிரியர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. உள்நாட்டுப் போரின்போது, 1863-இல், லிங்கன் அரசை அவர் கடுமையாகச் சாடியதால் ராணுவம் அவருடைய நாளிதழை மூடியது. சில நாள்களிலேயே லிங்கன் அந்த ஆணையைத் திரும்பப் பெறச் செய்தார். அரசை எதிர்த்தபோது தனக்குக் கிடைத்த கருத்துச் சுதந்திரத்தை, நாடோடிகளாக வந்த சில பெண்களின் பெயரைக் கெடுக்க அதே மனிதர் பயன்படுத்தினார். அவர்களுக்குப் பத்திரிகை இல்லை, வாக்குரிமை இல்லை, நடிகை என்றாலே நடத்தை கெட்டவள் எனக் கருதிய சமூகத்தில், நீதிமன்றத்துக்குப் போனால் மேலும் அவமானமே மிஞ்சியிருக்கும். சாட்டை தவறு. அதைத் தவிர வேறெதையும் அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்திருந்தது அதைவிடப் பெரிய தவறு.

அமெரிக்காவில் ஏறத்தாழ ஆறாண்டுகள் நடித்து, 1874-இல் லிடியா இங்கிலாந்து திரும்பினார். 'புளூ பியர்ட்' நாடகம் இரு நாடுகளிலும் அவருக்குப் புகழ் தந்தது. ஹெண்டர்சனுடனான உறவு பின்னர் முறிந்தது. லண்டனில் ஸ்ட்ராண்ட் அரங்கைச் சில காலம் தாமே நடத்திப் பார்த்தார். வயது ஏற ஏற வேடங்கள் குறைந்தன. 1899 மே மாதம், லைசியம் அரங்கில் அவருக்காக உதவி நிதிக் காட்சி நடந்தது. அவர் மேடையில் நின்று சொல்வதற்கான விடைபெறும் கவிதையை டபிள்யூ.எஸ். கில்பர்ட் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகும் 1904 வரை லிடியா மேடையை விடவில்லை. 1908 நவம்பர் 17-ஆம் தேதி, 70-ஆவது வயதில் லண்டனில் மறைந்தார். கென்சல் கிரீன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற வடிவத்துக்கு அமெரிக்காவில் நேர்ந்த கதை வேறு. 1870 முதலே மைக்கேல் லீவிட் போன்ற முதலாளிகள் பர்லெஸ்க்கைப் பல்சுவை நிகழ்ச்சியோடு இணைத்து, ஆண்களுக்கென்றே நடக்கும் மலிவான கேளிக்கையாக மாற்றினார்கள். நகைச்சுவை வசனம் ஆண் கோமாளிகளிடம் போய்ச் சேர்ந்தது. பெண்ணுக்கு மிஞ்சியது உடல் மட்டுமே. அப்பட், காஸ்டெல்லோ போன்ற புகழ்பெற்ற நகைச்சுவையாளர்களை அந்த மேடை வளர்த்தது உண்மை. ஆனால், அதே மேடையில் பெண்கள் படிப்படியாக ஊமையாக்கப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் மின்ஸ்கி சகோதரர்களின் அரங்குகளில் ஆடை களைவதே முதன்மை நிகழ்ச்சியாயிற்று. 1937-இல் மேயர் லகார்டியாவின் நிர்வாகம் நியூயார்க்கின் பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. விளம்பரப் பலகையில் அந்தச் சொல்லே தடை செய்யப்பட்டது. அந்தச் சரிவுக்கு நடுவிலும் ஜிப்ஸி ரோஸ் லீ என்ற நடிகை, ஆடை களையும்போதே நையாண்டியாகப் பேசிப் பேசிப் புகழ்பெற்றார். களைவதைவிடப் பேசுவதே கூட்டத்தைக் கட்டிப்போடும் என்று லிடியா கண்டதை, ஜிப்ஸியும் கண்டுகொண்டார் போலும்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். லிடியாவின் மேடையில் காலும் இருந்தது, வாயும் இருந்தது. ஒழுக்கத்தின் பெயரால் எழுந்த கண்டனங்கள் காலை மறைக்கவில்லை, வாயைத்தான் அடைத்தன. கண்டித்தவர்களின் சீற்றம் அடங்கிய பின்னும் உடல் காட்டும் வணிகம் பல பத்தாண்டுகள் தழைத்தது. பெண்ணின் கேலி மட்டும் காணாமல் போனது. ஆபாசம் என்ற குற்றச்சாட்டை எங்கு கேட்டாலும் இனி ஒரு கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்வேன்: சொல்பவரை உறுத்துவது அந்தப் பெண் காட்டுவதா, அல்லது பேசுவதா?

ஜெஃபி டில்பரி 1950 வரை வாழ்ந்தார். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தின் அந்தப் பாட்டி, தள்ளாத வயதிலும் கத்திக் கத்தித் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருப்பவள். இரண்டாம் முறை பார்த்தபோது, அந்தக் குரலில் நான் தாயையும் சேர்த்தே கேட்டேன்.