கேட் ஆர்ச்சுக்கு எத்தனை அடி பைப்? ராமானுஜன் விட்டுப்போன கணக்கு

உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியில் ஒரு வீட்டு கேட்டுக்கு மேல ஆர்ச் வைக்கணும்னு வைங்க. அகலம் 12 அடி, நடு உயரம் 3 அடி, வடிவம் அரை நீள்வட்டம். எவ்வளவு நீள பைப் வெட்டணும்?

நீள்வட்டத்தின் பரப்பளவைக் கண்டுபிடிப்பது ஈஸி. ஆனா சுற்றளவுக்கு, வட்டத்துக்கு இருப்பது மாதிரி துல்லியமான எளிய சூத்திரமே கிடையாது. தோராயமாகத்தான் நெருங்க முடியும். அதில் மிக நெருங்கியவர்களில் ஒருவர், சீனிவாச ராமானுஜன்.

யார் இவர்?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அப்பா துணிக்கடை குமாஸ்தா. கணக்கிலேயே மூழ்கியதால் மற்ற பாடங்களில் ஃபெயில். கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மாசம் 30 ரூபாய்.

1913-ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் வாழ்க்கையை மாற்றியது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அதே வருஷம், பை மதிப்பு பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை வெளியானது. அதன் கடைசிப் பகுதியில்தான் நம்ம ஆர்ச் கணக்கு இருக்கு.

எப்படிப் போடுவது?

ஆர்ச்சின் அரை அகலம் 6, உயரம் 3.

1. இரண்டையும் கூட்டி 3-ஆல் பெருக்குங்க: 27.
2. அரை அகலத்தின் 3 மடங்கோடு உயரம்: 21. உயரத்தின் 3 மடங்கோடு அரை அகலம்: 15. இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 17.748.
3. 27-ல் இதைக் கழித்தால் 9.252. பை மதிப்பால் (3.1416) பெருக்கினால் முழு நீள்வட்டத்தின் சுற்றளவு 29.065 அடி.

பாதி 14.53 அடி. அதாவது, ஏறக்குறைய 14 அடி ஆறரை அங்குலம். இதில் பிழை ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை! 6-க்கும் 3-க்கும் சராசரி எடுத்து வட்டமாக நினைத்துப் போட்டிருந்தால், பைப் கிட்டத்தட்ட 5 அங்குலம் குறைந்திருக்கும். ரொம்பத் தட்டையான வளைவில் ராமானுஜன் கணக்கிலும் பிழை கூடும். ஆனாலும் அரை சதவீதத்தைத் தாண்டாது.

இந்தச் சூத்திரத்துக்கு அவர் நிரூபணம் தரவில்லை. எண்களைப் போட்டுப் பார்த்துக் கண்டதாகவே கட்டுரையில் குறிப்பிட்டார்.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதற்குள் உடம்பு கெட்டுப்போனது. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தார். வயது 32 தான்.

எஃப்.ஏ. தேறாதவரின் இந்தக் கணக்கைத்தான், நூறு வருஷம் தாண்டியும் இன்ஜினீயர்கள் நீள்வட்டத்தை அளக்க எடுக்கிறாங்க.