பாட்டுக்குப் பாட்டு ஸ்ருதி மாறிய கிடார்: நிக் டிரேக் ஏன் மேடையை விட்டுப் போனார்?

கிடார் வாசிக்கும் நண்பர் யாராவது இருந்தால், ‘மாடலிங் கிடார்’ பற்றிச் சொல்லியிருப்பார். பார்க்க சாதாரண எலெக்ட்ரிக் கிடார் மாதிரிதான் இருக்கும். ஒரு திருகைத் திருப்பினால் மரப்பெட்டி வைத்த அக்கூஸ்டிக் கிடாரின் சத்தம் வரும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் பாஞ்சோ, அதற்கும் அடுத்து எலெக்ட்ரிக் சிதார். சில மாடல்களில் இன்னொரு திருகும் உண்டு. அதைத் திருப்பினால் ஆறு கம்பிகளின் ஸ்ருதியும் நொடியில் மாறிவிடும். கம்பியைத் தொடவே வேண்டாம்.

இதில் என்ன பெரிய விஷயம்னு தோணலாம். இந்த வசதி இல்லாத காலத்தில் வாழ்ந்து, 26 வயதில் இறந்துபோன நிக் டிரேக்கின் கதையைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோணாது.

இங்கிலாந்துப் பாடகர் என்று அறியப்பட்டாலும் டிரேக் பிறந்தது ரங்கூனில், 1948 ஜூன் 19 அன்று. அப்பா ராட்னி, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் இன்ஜினீயர். பர்மா தேக்கு வியாபாரத்தில் பெரிய பெயர் அந்த நிறுவனம். (காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் தூண்களைப் பார்த்தவர்களுக்கு பர்மா தேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.) அக்கா கேப்ரியல் பிறந்தது லாகூரில், பின்னாளில் பிரிட்டனில் தெரிந்த நடிகை ஆனார். 1950களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்து திரும்பி, டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது.

அம்மா மாலி, பியானோ வாசித்துக்கொண்டே சொந்தமாகப் பாட்டு கட்டிப் பாடுவார். வெளியே யாருக்கும் அல்ல, வீட்டுக்குள் மட்டும். அந்தப் பாடல்களின் ஒலிப்பதிவைக் கேட்டால், மகனுக்கு அந்த மெல்லிய சோகம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அம்மாவை ஒரு வரியில் கடந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பள்ளியில் பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் வாசித்த டிரேக், 1965இல் 13 பவுண்டு கொடுத்து முதல் கிடாரை வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதன் ஸ்ருதியை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, ஸ்ருதியை மாற்றுவதுன்னா என்ன?

கிடாரின் ஆறு கம்பிகளுக்கும் உலகம் முழுக்க ஒரு பொதுவான ஏற்பாடு உண்டு. தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கடையில் வாங்கும் புத்தகம், யூடியூப் பாடம் எல்லாமே பெரும்பாலும் இதை வைத்துத்தான். டிரேக் அடிக்கடி பயன்படுத்திய ஓர் ஏற்பாடு சி, ஜி, சி, எஃப், சி, ஈ. இதற்குத் தடித்த கம்பியை நான்கு ஸ்வரஸ்தானம் இறக்க வேண்டும். அடுத்த மூன்றையும் இரண்டிரண்டு இறக்க வேண்டும். ஐந்தாவதை ஒன்று ஏற்ற வேண்டும். ஆக, ஆறில் ஐந்து கம்பிகள் மாறுகின்றன. பலன்? விரல் வைக்காமல் விட்ட கம்பிகளே பின்னணியில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். ஒரே கிடாரில் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும்.

எல்லாப் பாட்டும் அப்படியல்ல. அவருடைய புகழ்பெற்ற ‘ரிவர் மேன்’ வழக்கமான ஸ்ருதியிலேயே அமைந்தது. அதன் தாளம்தான் விசேஷம், சுழற்சிக்கு ஐந்து தட்டு. ஆனால் ஒரு கச்சேரிக்குள் வெவ்வேறு ஸ்ருதிப் பாட்டுகள் வந்தால் என்ன ஆகும்? இறக்கிய கம்பி சட்டென்று நிலைக்காது, மெல்ல நழுவும். மறுபடி பிடிக்க வேண்டும். அதுவரை மேடையில் மௌனம்தான்.

1967இல் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தவர், சீக்கிரமே தயாரிப்பாளர் ஜோ பாய்டின் கண்ணில் பட்டார். படிப்பை முடிக்கவில்லை. முதல் ஆல்பம் ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ 1969இல் வந்தது. அந்த செப்டம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பாடியபோது அரங்கம் அமைதியாக இருந்து கேட்டது.

பிரச்சினை அதற்கப்புறம்தான். கல்லூரிகள், கிளப்கள் என்று சுற்றினார். குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிற கூட்டம். மற்ற பாடகர்கள் கம்பி முறுக்கும் நேரத்தில் ஒரு ஜோக் அடித்துச் சமாளிப்பார்கள். டிரேக்குக்குப் பேச வராது. தலையைக் குனிந்து கம்பியை முறுக்குவார், கூட்டம் சத்தம் போடும், சத்தத்தில் ஸ்ருதி காதில் விழாது, இன்னும் நேரமாகும். 1970 ஜூனில் இவெல் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பாட்டின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். அதோடு மேடைக் கச்சேரிகள் ஏறக்குறைய முடிந்தன.

கம்பி முறுக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் அது பொய். கூச்சமும், ஏற்கெனவே தொடங்கியிருந்த மனச்சோர்வும் பெரிய காரணங்கள். ஆனால் கூச்ச சுபாவமுள்ள ஒருவரை ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சில நிமிடங்கள் கூட்டத்தின் முன் வெறுமனே உட்கார வைப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1971இல் ‘பிரைட்டர் லேட்டர்’ வந்தது. விற்கவில்லை. அந்த அக்டோபரில் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டே இரவுகளில் ‘பிங்க் மூன்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். மொத்தமே சுமார் 28 நிமிடம். குரலும் கிடாரும் மட்டும். ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ. ஸ்டூடியோவில் நிதானமாக ஸ்ருதி சேர்க்கலாம், யாரும் கத்த மாட்டார்கள். அந்த நிம்மதி பதிவில் கேட்கிறது. ஆனால் மூன்று ஆல்பங்களும் அன்று சில ஆயிரம் பிரதிகளோடு நின்றுவிட்டன.

பிறகு பெற்றோர் வீட்டுக்கே திரும்பினார். 1974இல் மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்தபோது பாடிக்கொண்டே வாசிக்க அவரால் முடியவில்லை. கிடாரைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த நவம்பர் 25 அன்று இறந்தார். மனச்சோர்வுக்கான மருந்து அளவு மீறியதே காரணம். தற்கொலை என்று விசாரணையில் பதிவானது. தவறுதலாக நடந்தது என்று நம்பிய நண்பர்களும் உண்டு.

கம்பி முறுக்கும் சிக்கலுக்குத் தீர்வு வர இன்னும் 20 ஆண்டு ஆனது. கனடாவின் ஜோனி மிட்செலும் ஏராளமான ஸ்ருதிகளில் வாசிப்பவர், அவரும் மேடையில் இதே பாடு பட்டவர். 1990களின் நடுவில் ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 கருவி அவருக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியாகப் பிடித்து, கணினி மூலம் ஏற்றி இறக்கி வெளியே அனுப்பும் கருவி அது. 2000களில் வந்த லைன் 6 வேரியாக்ஸ் அதே வேலையைக் கிடாருக்குள்ளேயே வைத்தது.

குறையும் இருக்கு. கம்பி நிஜத்தில் பழைய ஸ்ருதியிலேயே இருப்பதால், ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தால் இரண்டு ஸ்ருதியும் சேர்ந்து காதில் விழும். தளர்ந்த கம்பி விரலுக்குத் தரும் அந்தக் குழைவும் கிடைக்காது. டிரேக் இதை விரும்பியிருப்பாரா? ஸ்டூடியோவில் நிச்சயம் தொட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இவெல் மேடையில் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

1999இல் ஒரு ஃபோக்ஸ்வேகன் கார் விளம்பரத்தில் ‘பிங்க் மூன்’ பாட்டு ஒலித்தது. விற்பனை பல மடங்கு எகிறியது. புதிதாகக் கேட்டவர்கள் கிடாரை எடுத்து வாசிக்கப் பார்த்து, எந்தக் கார்டும் பொருந்தாமல் திணறினார்கள். வளர்ந்த டிரேக் வாசிக்கும் வீடியோ ஒன்றுகூடக் கிடைத்ததில்லை, விரலைப் பார்த்துக் கற்க வழியே இல்லை. காதால் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு பாட்டின் ஸ்ருதியையும் கண்டுபிடித்தார்கள்.

அதற்கு ரொம்ப முன்னாலேயே டான்வொர்த் வீட்டுக் கதவைத் தட்டிய ரசிகர்களும் உண்டு. ராட்னியும் மாலியும் அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்து, மகன் வீட்டில் பதிவு செய்த டேப்புகளைப் போட்டுக் காட்டுவார்கள்.