தாயில்லாப் பிள்ளை போட்ட தோட்டம்

காலையில் குழந்தைக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, எல்.கே.ஜி.க்கு அனுப்புகிறோம். அதில் வரும் கடைசி எழுத்தாகிய ‘ஜி’க்கு என்ன பொருள் என்று எப்போதாவது யோசித்தது உண்டா?

தோட்டம் என்று பொருள்!

கிண்டர் என்றால் குழந்தைகள். கார்ட்டன் என்றால் தோட்டம். இரண்டும் ஜெர்மன் சொற்கள். கிண்டர்கார்ட்டன் என்ற அந்தப் பெயரைச் சூட்டியவர் பிரெடரிக் புரோபெல். அழகுக்காக அவர் அப்படிப் பெயர் வைக்கவில்லை. அவருடைய பள்ளியில் உண்மையாகவே தோட்டம் இருந்தது. சின்னஞ்சிறு குழந்தைகள் அங்கே மண்ணைக் கிளறினார்கள், விதை போட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள்.

ஏடும் எழுத்தாணியும்தான் கல்வி என்று உலகம் நினைத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் இவருக்கு மட்டும் இந்த எண்ணம் எப்படி வந்தது? அவருடைய வாழ்க்கையே அதற்குப் பதில்.

ஒன்பது மாதத்தில் தாயை இழந்தார்

ஜெர்மனியில் துரிங்கியா என்று ஒரு மலைநாடு. அங்கே ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில் 1782-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி புரோபெல் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது தாய் இறந்து போனாள்.

தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை முதலில் அன்பாகத்தான் இருந்தாள். அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. வேற்றாளை அழைப்பதுபோல் புரோபெலை அழைக்கத் தொடங்கினாள். தகப்பனாருக்கோ பல கிராமங்களின் ஆலய வேலை. மகனைக் கவனிக்க நேரம் இல்லை.

வீட்டில் கிடைக்காத ஆறுதல் சிறுவனுக்குத் தோட்டத்தில் கிடைத்தது. செடி கொடிகளே அவனுக்குத் தோழர்கள். ஒரு நாள் ஹேசல் என்ற கொட்டைச் செடியின் மொட்டுகளில் ஊதா நிறத்தில் மெல்லிய நூல்போல் ஏதோ தெரிவதைக் கண்டு வியந்தான். மூத்த அண்ணன் கிறிஸ்டோப், அதுதான் பெண்பூ என்றும், தொங்கும் சரம்தான் ஆண்பூ என்றும் விளக்கினார். அன்று பெற்ற மகிழ்ச்சியை அவன் கடைசிவரை மறக்கவில்லை.

பத்து வயதில் தாய்மாமன் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் சிறுவன் ஓடியாடி விளையாடினான்.

காடும் சிறையும்

பதினைந்து வயதில் புரோபெல் ஒரு வன அதிகாரியிடம் தொழில் பழகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் காடே பள்ளிக்கூடம் ஆயிற்று. பிறகு 1799-ல் ஜேனா சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

அங்கே ஒரு சோதனை. கையில் இருந்த பணத்தை உடன் பிறந்தவருக்குக் கடனாகக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. சாப்பாட்டுக் கடன் ஏறியது. கடனைக் கட்ட முடியாமல் ஒன்பது வாரம் சர்வகலாசாலைச் சிறையில் இருந்தார். தகப்பனார் சொத்தில் பங்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் விடுதலை கிடைத்தது.

1805-ல் கட்டடக் கலை படிக்க பிராங்க்பர்ட் நகரத்துக்குப் போனார். போன இடத்தில் உபாத்தியாயர் வேலை கிடைத்தது. வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்ற அன்றே, இதுதான் நம் வேலை என்று தெரிந்துகொண்டார்.

பிறகு ஒரு பிரபு வீட்டில் மூன்று சிறுவர்களுக்கு ஆசிரியர் ஆனார். பிள்ளைகளுக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்டு வாங்கினார். பிரபு வீட்டுப் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்தார்கள். தாங்கள் விளைவித்த பூக்களையும் கனிகளையும் பெற்றோருக்குப் பரிசாகக் கொண்டு போனார்கள். அந்த முகங்களில் கண்ட பெருமையைப் புரோபெல் மனத்தில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி

1813-ல் நெப்போலியனை எதிர்த்த போரில் புரோபெல் தொண்டராகச் சேர்ந்தார். அதே ஆண்டு, நோயுற்ற போர்வீரர்களுக்குப் பணிவிடை செய்த அண்ணன் கிறிஸ்டோப் காய்ச்சல் கண்டு இறந்தார். அன்று பூவைக் காட்டி விளக்கிய அதே அண்ணன்! அவருடைய பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் நின்றார்கள்.

பெர்லினில் கிடைத்த நல்ல உத்தியோகத்தைப் புரோபெல் உதறினார். 1816-ல் ஐந்து பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளி தொடங்கினார். ஐவரும் அண்ணன்மாரின் பிள்ளைகளே. அடுத்த ஆண்டு அது கைல்ஹாவ் என்ற கிராமத்துக்கு மாறியது. படிப்போடு தோட்ட வேலை, வயல் வேலை, மலை ஏற்றம் எல்லாம் அங்கே பாடம்.

நாளடைவில் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. பள்ளிக்கு வரும் வயதுக்கு முன்பே குழந்தையின் மனம் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அப்போது அன்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா?

1837-ல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஓர் இடம் அமைத்தார். வண்ண நூல் பந்துகளும் மரக் கட்டைகளும் விளையாட்டுச் சாமான்கள். அதற்கு நல்ல பெயர் அகப்படாமல் தவித்தார். நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்தபோது அந்தப் பெயர் பளிச்சென்று தோன்றியதாம். குழந்தைகள் தோட்டம்! 1840-ல் அதுவே பெயர் ஆயிற்று.

ஆளுக்கு ஒரு பாத்தி

தோட்டத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று பொதுப் பாத்தி. அதில் தானியம், பருப்பு, காய்கறி, கிழங்கு, பூச்செடி என்று வகை வகையாக வளரும். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று சொந்தப் பாத்தி. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று. இடம் போதாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று.

சொந்தப் பாத்தியில் குழந்தை எதையும் நடலாம். எப்படியும் நடலாம். செடி வாடினால் ஆசிரியர் திட்டக்கூடாது. தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடும். அதிகம் ஊற்றினால் அழுகும். தன் தவற்றைக் குழந்தை தானே பார்த்துத் திருந்த வேண்டும். பொறுமை, பொறுப்பு, கூடி உழைத்தல் என்ற மூன்று பாடங்களை மண்ணே கற்றுக்கொடுத்தது.

முதுமையிலும் புரோபெல் கிராமத்துக் குழந்தைகளோடு கைகோத்து ஆடிப்பாடினார். கிழவருக்குப் பைத்தியம் என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

சர்க்கார் தடை

கவலை வேறு திசையிலிருந்து வந்தது. 1851-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, பிரஷ்ய சர்க்கார் குழந்தைகள் தோட்டங்களுக்குத் தடை விதித்தது. நாத்திகமும் பொதுவுடைமையும் பரப்புவதாகக் குற்றச்சாட்டு! கார்ல் புரோபெல் என்ற அவருடைய அண்ணன் மகன் எழுதிய ஒரு சிறு புத்தகத்தைப் படித்த அதிகாரிகள், இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். தவற்றைப் புரோபெல் எடுத்துக் காட்டினார். அரசருக்கும் விண்ணப்பம் அனுப்பினார். தடை நீங்கவில்லை.

மனம் உடைந்த அவர், 1852-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி, எழுபதாவது வயதில் காலமானார். தம் பூக்களைப் பார்த்துக்கொள்ளும்படியும், களைகளையும் பிடுங்கிவிட வேண்டாம் என்றும் கடைசி நாட்களில் கேட்டுக்கொண்டாராம். களைகளும் அவருக்குப் பாடம் சொன்னவை அல்லவா!

தடை 1860-ல் நீங்கியது. அதைக் காண அவர் இல்லை.

ஆனால் விதை நாடு நாடாகப் பரவியது. 1856-லேயே மார்கரெத் ஷுர்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் தோட்டம் தொடங்கிவிட்டார். இன்று உலகம் முழுவதும் அந்தப் பெயர் வழங்குகிறது.

பெயர் மட்டும் இருக்கிறது. தோட்டம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? இடம் இல்லை என்பவர்கள் உண்டு. ஓர் உடைந்த சட்டியும், ஒரு பிடி மண்ணும், நான்கு வெந்தயமும் போதும். நாளைக் காலையில் உங்கள் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் முளை விடும்போது அந்தப் பிஞ்சு முகத்தைப் பாருங்கள். தாயில்லாத அந்தச் சிறுவன் தோட்டத்தில் எதைக் கண்டான் என்பது உங்களுக்கே விளங்கும்.