கிளெமென்ஸ் வொன் பிர்க்கே

கிளெமென்ஸ் வொன் பிர்க்கே (மே 12, 1874 – பெப்ரவரி 28, 1929) ஆஸ்திரிய நாட்டுக் குழந்தை மருத்துவரும் நோயெதிர்ப்பியல் அறிஞரும் ஆவார். தமிழில் ஒவ்வாமை என வழங்கும் "அலர்ஜி" என்ற சொல்லை 1906 இல் உருவாக்கியவர் இவரே. இன்று ஒவ்வாமைச் சோதனையையும் சிகிச்சையையும் பாதுகாப்பாகச் செய்வதற்கான அடிப்படைக் கருத்துகள் சில இவருடைய ஆய்வுகளில் காணப்படுகின்றன.

இளமை

வியன்னாவை அடுத்த ஹிர்ஷ்டெட்டன் என்னும் ஊரில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். முதலில் இறையியலும் மெய்யியலும் பயின்று, பின்னர் மருத்துவத்துக்கு மாறி, 1900 இல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். வியன்னாவில் தியடோர் எஷரிக்கின் கீழ் குழந்தை மருத்துவராகப் பணியாற்றினார். (எஷரிக்கியா கோலை என்ற பாக்டீரியாவின் பெயர் இந்த எஷரிக்கின் நினைவாக அமைந்ததே.)

சீரம் நோய்

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைப் பெருமளவில் பலிகொண்டது. 1890களில் குதிரையின் குருதியிலிருந்து பெறப்பட்ட சீரம் மருந்தாக வந்தபின் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் ஊசி போடப்பட்ட குழந்தைகள் சிலருக்குப் பின்னர் காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டுவலி ஆகியன தோன்றின; அரிதாக ஊசி போட்ட சில நிமிடங்களில் உயிரும் போயிற்று. மருந்தைக் கைவிட்டால் நோய் கொல்லும். கொடுத்தால் மருந்தே சிலருக்குக் கேடாகும்.

பிர்க்கேயும் அவருடன் பணியாற்றிய பேலா ஷிக்கும் இக்குழந்தைகளை நாள்வாரியாகக் கவனித்து, 1905 இல் "சீரம் நோய்" என்ற நூலை வெளியிட்டனர். முதல் ஊசிக்குப்பின் அறிகுறிகள் தோன்ற பெரும்பாலும் 8 முதல் 12 நாட்கள் ஆயின. அதே குழந்தைக்கு மீண்டும் ஊசி போட்டபோது சில வேளைகளில் அன்றே தோன்றின. சீரம் வெறும் நஞ்சாயின் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. எனவே முதல் ஊசியால் உடலே மாறிவிட்டது என்றும், உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் சீரத்துடன் சேர்வதே நோய்க்குக் காரணம் என்றும் அவர்கள் கூறினர். நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருளே நோயையும் தரும் என்பதை அன்று பலர் ஏற்கத் தயங்கினர். இவ்வாறு மாறிய நிலைக்கே, வேறு, செயல் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அலர்ஜி எனப் பெயரிட்டார். தீங்கான விளைவுகளை மட்டும் அச்சொல் குறிப்பது பின்னாளைய வழக்கு.

தோல் கீறல் சோதனை

ராபர்ட் கோக் 1890 இல் காசநோய்க்கு மருந்தாக அறிவித்த டியூபர்குலினை ஊசியாகச் செலுத்தியபோது கடுங்காய்ச்சலும் சில இறப்புகளும் நேர்ந்தன. 1907 இல் பிர்க்கே அதனை நோயறியும் கருவியாக மாற்றினார். முன்கையில் இரு துளிகள் இட்டு, அவ்விடங்களில் தோலின் மேற்பகுதியை மட்டும் கீறினார். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஓரிடத்திலும் கீறினார். காசநோய்க் கிருமி தொற்றியவருக்கு ஓரிரு நாட்களில் மருந்திட்ட இடம் சிவந்து தடித்தது. உடலுக்குள் சென்ற அளவு மிகச் சிறிதாகையால் ஆபத்தும் குறைந்தது. 1908 இல் வந்த மாண்டூ சோதனை பின்னர் இதன் இடத்தைப் பிடித்தது.

மகரந்தம், உணவு முதலியவற்றுக்கான இன்றைய தோல் குத்தல் சோதனையும் இதே வழியைப் பின்பற்றுவதே. சிறு துளி, மேலோட்டமான குத்து, அருகில் ஒப்பீட்டுத் துளி, 15 முதல் 20 நிமிடங்களில் முடிவு. தோலுக்குள் ஊசியால் செலுத்தும் சோதனையில் ஆபத்து கூடுதல். ஆகவே பொதுவாக அது குத்தல் சோதனைக்குப் பின்னரே செய்யப்படுகிறது. 1911 இல் இலண்டனில் லியோனார்ட் நூன் தொடங்கிவைத்த ஒவ்வாமை ஊசிச் சிகிச்சையிலும் மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே முறை. ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் 30 நிமிடங்கள் மருத்துவமனையில் காத்திருக்கச் சொல்வதும், அட்ரினலின் ஊசியை ஆயத்தமாக வைத்திருப்பதும், முன்பு ஏதேனும் விளைவு ஏற்பட்டதா என வினவுவதும் இதனாலேயே. ஏற்கனவே பழகிய உடல், முதன்முறை போல நாட்கணக்கில் காத்திராமல், நிமிடங்களில் எதிர்வினை காட்டக்கூடும்.

பிற்காலம்

1909 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியரானார். 1910 இல் பிரெஸ்லாவுக்கும், எஷரிக் இறந்தபின் 1911 இல் அவருடைய இடத்துக்கு வியன்னாவுக்கும் சென்றார். முதல் உலகப் போருக்குப்பின் பட்டினியில் வாடிய ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு அமெரிக்க உதவியுடன் உணவளிக்கும் பெரும்பணியை நடத்தினார். 1929 பெப்ரவரி 28 அன்று பிர்க்கேயும் அவர் மனைவியும் வியன்னாவில் தற்கொலை செய்துகொண்டனர்.

ஆஸ்திரியா 2010 இல் இவர் நினைவாக 50 யூரோ தங்க நாணயம் வெளியிட்டது. சந்திரனில் உள்ள பிர்க்கே என்ற கிண்ணக்குழி இவர் பெயரால் அமைந்ததன்று. அது ஏவூர்தி ஆய்வாளரான இவருடைய தம்பி குவிடோவின் பெயர்.