பிரிட்டன் முதியோரின் குளிர்கால ஹீட்டிங் பணம்: யாருக்குக் கொடுப்பது என்ற சண்டையும், ரங்பூரில் பிறந்த வில்லியம் பெவரிட்ஜும்

2024 ஜூலையில் பிரிட்டனில் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 29-ஆம் தேதி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, முதியவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த குளிர்கால ஹீட்டிங் உதவித்தொகை இனி எல்லோருக்கும் கிடையாது என்று அறிவித்தார். பென்ஷன் கிரெடிட் போன்ற, மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கான உதவிகளை வாங்குபவர்களுக்கு மட்டும்தான் இனி அந்தப் பணம். சுமார் ஒரு கோடி முதியவர்கள் ஒரே அறிவிப்பில் பட்டியலில் இருந்து வெளியே போனார்கள்.

தொகை என்னவோ ஒரு குடும்பத்துக்கு 200 பவுண்டு, 80 வயதைத் தாண்டியவர் இருந்தால் 300 பவுண்டு. நமக்கு மே மாத ஏசி பில் எப்படியோ, அவர்களுக்கு ஜனவரி மாத கேஸ் பில் அப்படி. எண்பது வயதுக்காரர் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால் ரத்த அழுத்தம், மாரடைப்பு, நுரையீரல் தொற்று என்று அது மருத்துவமனையில் போய் முடியும்.

ஆனால் அரசின் பக்கமும் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. சொந்த வீடு, நல்ல பென்ஷன், வங்கியில் சேமிப்பு என்று வசதியாக இருக்கும் பெரியவருக்கும் அரசு ஏன் ஹீட்டர் பணம் கொடுக்க வேண்டும்? இல்லாதவருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? சரிதானே என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது.

இந்தக் கேள்வியோடு கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒரு மனிதர் இருந்தார். இன்றைய பிரிட்டனின் நலத்திட்டங்களுக்கு வரைபடம் போட்டவர். பெயர் வில்லியம் பெவரிட்ஜ். அவர் எந்தப் பக்கம் என்பது, அவரது வாழ்க்கையைப் பார்த்தால், நினைப்பதைவிடச் சிக்கலானது.

வங்காளத்தில் தொடங்கிய கதை

பெவரிட்ஜ் பிறந்தது 1879 மார்ச் 5, இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூரில். அப்பா ஹென்றி, ஐசிஎஸ் நீதிபதி. இந்தியர்கள் தங்கள் நாட்டைத் தாங்களே ஆள வேண்டும் என்று நினைத்த, அந்தக் காலத்துக்கு அபூர்வமான வெள்ளைக்கார அதிகாரி. உயர் நீதிமன்றம் வரை அவருக்குப் பதவி உயர்வு வரவே இல்லை. அம்மா ஆனெட், பெண்களுக்குப் பள்ளி தொடங்குவதற்காக 1872-இல் தனியாகக் கப்பலேறி கல்கத்தா வந்தவர். பின்னாளில் பாரசீகம், துருக்கி மொழிகள் கற்று பாபர்நாமாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியர்களை விசாரிக்க அனுமதித்த இல்பர்ட் மசோதா 1883-இல் வந்தபோது, கணவர் ஆதரவு, மனைவி எதிர்ப்பு. வீட்டு டைனிங் டேபிள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மகன் இங்கிலாந்தில் படித்தார். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் கணிதத்திலும் செவ்வியல் மொழிகளிலும் முதல் வகுப்பு. அடுத்து சட்டம். பாரிஸ்டராகிக் கைநிறையச் சம்பாதிப்பார் என்று வீட்டில் எதிர்பார்த்திருக்க, 1903-இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் கிழக்கு லண்டனின் டாயின்பீ ஹால். படித்த இளைஞர்கள் ஏழைகளின் குடியிருப்புக்கு நடுவே தங்கி வேலை செய்யும் இடம் அது.

தர்மம் செய்வதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வேலை இல்லாதவன் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இது தனிமனிதக் குறை அல்ல, தொழில் நடக்கும் முறையில் உள்ள கோளாறு என்று எண்களை வைத்துக் காட்டினார். 1907-இல் ஜெர்மனிக்குப் போய் அங்கிருந்த சமூகக் காப்பீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு வின்ஸ்டன் சர்ச்சில் தலைமையிலிருந்த வர்த்தகத் துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1910-இல் பிரிட்டன் முழுக்கத் திறக்கப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அவர் போட்ட திட்டம். நம் ஊர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுக்கு அவை ஒருவகையில் பெரியப்பா முறை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இளம் வயதில் பெவரிட்ஜ், வேலை செய்யத் தகுதியே இல்லாதவர்களை அரசு பராமரிக்கலாம், ஆனால் அவர்கள் வாக்குரிமையையும் பிள்ளை பெறும் உரிமையையும்கூட இழக்க வேண்டும் என்று எழுதியவர். யூஜெனிக்ஸ் என்ற அந்தக் கால மோகம் அவரையும் பிடித்திருந்தது. ஏழைகளின் நண்பர் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாத ஆள்.

வீட்டுக்குள் வந்து கணக்கெடுத்தவர்கள்

முதியோருக்கான அரசு பென்ஷன் பிரிட்டனில் முதன்முதலில் கைக்கு வந்தது 1909 ஜனவரி 1. வாரம் 5 ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. வயது 70 ஆகியிருக்க வேண்டும், ஆண்டு வருமானம் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும். அதோடு நடத்தைச் சோதனையும் உண்டு: சமீபத்தில் சிறைக்குப் போனவருக்கும், வழக்கமாக வேலைக்குப் போகாமல் இருந்தவருக்கும் கிடையாது. பணம் வேண்டுமென்றால் முதலில் ஏழை என்றும், அடுத்து நல்லவர் என்றும் நிரூபிக்க வேண்டும்.

வருமானச் சோதனை, அதாவது மீன்ஸ் டெஸ்ட் என்ற சொல்லே பிரிட்டனில் கெட்ட வார்த்தையானது 1931-க்குப் பிறகு. பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்திருந்த நேரத்தில், காப்பீட்டுத் தொகை தீர்ந்தவர்களின் உதவிப் பணத்துக்கு அரசு குடும்ப வருமானச் சோதனையைக் கொண்டுவந்தது. அதிகாரிகள் வீட்டுக்கே வந்தார்கள். என்னென்ன சாமான் இருக்கிறது, எதை விற்கலாம் என்று பார்த்தார்கள். மகளுக்குச் சம்பளம் வந்தால் அப்பாவின் உதவித்தொகையில் கழித்தார்கள். தாத்தாவின் பென்ஷனும் கணக்கில் சேரும். உதவித்தொகை குறையாமல் இருக்க, சம்பாதிக்கும் பிள்ளைகள் வீட்டைவிட்டுத் தனியாகப் போன கதைகள் ஏராளம்.

1940-இல் இன்னொன்று நடந்தது. ஏழை முதியவர்களுக்குப் பென்ஷனோடு கூடுதல் தொகை தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. சுமார் 4 லட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்து நின்றவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். அத்தனை காலம் இவர்கள் எங்கே இருந்தார்கள்? கவுன்சில் அலுவலகப் படியேறி ஏழை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, குளிரும் பசியுமாக வீட்டுக்குள் இருந்தார்கள்.

ஓரங்கட்டக் கொடுத்த பதவி

இந்த நேரத்தில் பெவரிட்ஜுக்கு வயது 62. முதல் உலகப் போரில் உணவுத் துறையில் ரேஷன் முறையை வடிவமைத்தவர், 1919 முதல் 18 ஆண்டுகள் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் இயக்குநர், நாஜிகளிடமிருந்து தப்பிவந்த பேராசிரியர்களுக்கு வேலை கிடைக்க அமைப்பு தொடங்கியவர். பயோடேட்டா பிரமாதம். ஆனால் கூட வேலை செய்தவர்களில் பலருக்கு அவரைப் பிடிக்காது. தலைக்கனம், யார் பேச்சையும் கேட்காத சுபாவம். இரண்டாம் உலகப் போரில் தொழிலாளர் துறையில் பெரிய பொறுப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். அமைச்சர் எர்னெஸ்ட் பெவினுக்கோ இவரை எப்படிக் கழற்றிவிடுவது என்பதுதான் கவலை. சிதறிக் கிடந்த காப்பீட்டுத் திட்டங்களை ஆராயும் குழு ஒன்று அமைக்கப்பட்டபோது, தலைவர் பதவியை இவர் கையில் கொடுத்தார்கள். 1941 ஜூன். தன்னை ஓரங்கட்டுகிறார்கள் என்று புரிந்து பெவரிட்ஜ் கண்கலங்கினாராம்.

யாரும் எதிர்பார்க்காதபடி, அந்த அலுப்பூட்டும் வேலையிலிருந்து அவர் ஒரு நாட்டின் திட்டத்தையே எடுத்து வைத்தார். 1942 டிசம்பர் 1-ஆம் தேதி அறிக்கை வெளியானது. போர் நடுவில், அரசு வெளியீட்டு அலுவலகத்தின் வாசலில் மக்கள் வரிசையில் நின்று அதை வாங்கினார்கள். சுருக்கப் பதிப்பையும் சேர்த்து லட்சக்கணக்கில் விற்றது. வறுமை, நோய், அறியாமை, அசுத்தமான வசிப்பிடம், வேலையின்மை என்ற ஐந்து அரக்கர்களை ஒழிப்பதுதான் இலக்கு.

திட்டத்தின் மையம் எளிமையானது. எல்லோரும் வாராவாரம் ஒரே அளவு சந்தா கட்டுவார்கள். வயதானாலோ, வேலை போனாலோ, நோய் வந்தாலோ எல்லோருக்கும் ஒரே அளவு பணம். கட்டியதால் வரும் உரிமை அது, சலுகை அல்ல. யாரும் கதவைத் தட்டி வீட்டுச் சாமானை எண்ண மாட்டார்கள். சேமித்து வைத்தவரைத் தண்டிப்பதுதான் வருமானச் சோதனை என்பது பெவரிட்ஜின் வாதம். சேமித்தால் உதவி குறையும் என்றால் யார் சேமிப்பார்கள்?

உயிர் வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்றும் அவர் கணக்குப் போட்டார். உணவு, துணி, வாடகை ஆகியவற்றோடு அடுப்புக் கரிக்கும் விளக்குக்கும் தனியாக ஒரு வரி. வயதானவர்களுக்கு உணவையும் துணியையும் கொஞ்சம் குறைத்த அவர், எரிபொருளைக் கொஞ்சம் கூட்டினார். நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே. அதாவது, பெவரிட்ஜின் பென்ஷனுக்குள்ளேயே ஹீட்டிங் பணம் இருந்தது.

இவ்வளவு படித்ததும், 2024-இல் உயிரோடு இருந்திருந்தால் அவர் முதியவர்கள் பக்கம் நின்றிருப்பார் என்று முடிவுகட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நோய்த் தடுப்பு, குழந்தைகளின் ஊட்டச்சத்து போன்றவற்றுக்கு வழி செய்யாமல் முதியவர்களுக்கு அள்ளிக் கொடுப்பது ஆபத்து என்று அதே அறிக்கையில் எழுதியவரும் அவர்தான். பொருளாதார மேதை கெய்ன்ஸுடன் உட்கார்ந்து, முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் கருவூலத்தின் கூடுதல் செலவு ஆண்டுக்கு 10 கோடி பவுண்டைத் தாண்டாதபடி திட்டத்தைச் சுருக்கினார். அந்தச் சிக்கனத்தின் பெரும்பங்கு முதியவர்கள் தலையில்தான் விழுந்தது. முழு பென்ஷன் உடனே கிடையாது, 20 ஆண்டுகளில் படிப்படியாகத்தான் என்று எழுதினார். வீட்டில் அதிகாரி சோதனை போடுவதை வெறுத்தவர், கஜானாவைப் பார்த்துக் கையைச் சுருக்கவும் செய்தார்.

கடும் பனியில் முடிந்த ஆயுள்

1944-இல் லிபரல் கட்சி சார்பில் எம்.பி. ஆனவர், அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றார். அவரது திட்டத்தைச் சட்டமாக்கியது வென்ற லேபர் அரசு. 20 ஆண்டு காத்திருப்பை அது ஏற்கவில்லை. 1946-லேயே பென்ஷனை உயர்த்தியது, தனிநபருக்கு வாரம் 26 ஷில்லிங். ஆனால் விலைவாசி அதற்குள் ஏறியிருந்தது, அந்தத் தொகை பெவரிட்ஜ் சொன்ன குறைந்தபட்சத்தை எட்டவில்லை. வாடகை கொடுத்துவிட்டால் கரிக்குக் காசில்லாத நிலை. லட்சக்கணக்கான முதியவர்கள் மறுபடியும் வருமானச் சோதனையுள்ள அரசு உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டிவந்தது. எதை ஒழிக்க நினைத்தாரோ அது பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

பிரபுக்கள் சபை உறுப்பினராக, புதிய நகரங்களை உருவாக்கும் அமைப்புகளின் தலைவராக, பெற்றோரின் இந்திய வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதியவராக மீதி நாட்கள் போயின. 1962 டிசம்பர் 26 அன்று தொடங்கிய பனிப்பொழிவு, இங்கிலாந்தில் 1740-க்குப் பிறகான மிகக் கடுமையான குளிர்காலமாக மாறியது. ஆறுகள் உறைந்தன, கரி வண்டிகள் ஊருக்குள் வர முடியாமல் நின்றன. மார்ச் தொடக்கத்தில்தான் பனி விலகியது. 1963 மார்ச் 16 அன்று, 84 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் பெவரிட்ஜ் இறந்தார்.

ஒட்டுப்போட்ட பணம்

பென்ஷனில் இருந்த அந்த ஓட்டைக்குப் போட்ட ஒட்டுதான் குளிர்கால ஹீட்டிங் தொகை. 1997-இல் நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன் தொடங்கினார். ஆரம்பத்தில் பெரும்பாலானோருக்கு வெறும் 20 பவுண்டு, மிக ஏழைகளுக்கு 50. சில ஆண்டுகளில் அது 200 ஆனது. எல்லோருக்கும் கொடுத்ததற்குக் காரணம், தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் தேவைப்பட்டவர்களில் பலர் விடுபடுவார்கள் என்பதுதான்.

2024-இல் நடந்ததும் அதுவே. தனிநபர் என்றால் வார வருமானம் 218.15 பவுண்டுக்குக் கீழே இருந்தால்தான் அப்போது பொதுவாகப் பென்ஷன் கிரெடிட் கிடைத்தது. அந்தக் கோட்டைச் சில பவுண்டு தாண்டியவருக்கு ஹீட்டிங் பணம் பூஜ்யம். கோட்டுக்குக் கீழே இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் 8.8 லட்சம் பேர் வரை என்பது அரசே சொன்ன எண்ணிக்கை. விண்ணப்பத்தில் 200-க்கும் மேற்பட்ட கேள்விகள். செப்டம்பர் 10-ஆம் தேதி நாடாளுமன்ற வாக்கெடுப்பில் வெட்டு 348-க்கு 228 என்று நிலைத்தது. இதனால் கூடுதலாக 50 ஆயிரம் முதல் ஒரு லட்சம் முதியவர்கள் வறுமைக்குள் போவார்கள் என்ற அரசின் சொந்த மதிப்பீடு நவம்பரில்தான் வெளியே வந்தது. மிச்சமாகும் என்று சொன்னது சுமார் 140 கோடி பவுண்டு.

2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் லேபருக்குப் பலத்த அடி. அதே மாதம் பிரதமர் கியர் ஸ்டார்மர் யூ-டர்ன் அறிவித்தார். ஜூன் 9-ஆம் தேதி வந்த புதிய விதிப்படி, இங்கிலாந்து, வேல்ஸில் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள முதியவர்களுக்குப் பணம் உண்டு. மொத்தம் சுமார் 90 லட்சம் பேர் பட்டியலுக்குள் வந்தார்கள். இந்த முறை விண்ணப்பப் படிவம் கிடையாது. தானாக எல்லோருக்கும் போய்விடும். 35,000-ஐத் தாண்டியவர்களிடமிருந்து மட்டும் வருமான வரித் துறை பிறகு பிடித்துக்கொள்ளும்.